எல்லாம் முக்கியம் என்பவர்களிடம் என்ன கேட்பது?

மருத்துவமனை என்றால் உங்களுக்கு எது முக்கியம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மருத்துவர் பொறுமையாகப் பேச வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது, செலவு வைக்கக் கூடாது, மாத்திரை நல்லதாக இருக்க வேண்டும், இடம் சுத்தமாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் ஆறுக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். செக்கானூரணி டீக்கடை பெஞ்சில் கேட்டாலும், மதுரை கே.கே. நகரில் ஓய்வுபெற்ற அதிகாரி வீட்டு வரவேற்பறையில் கேட்டாலும் இதே ஐந்துதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்பதற்குக் காசு இல்லை என்றால் எல்லாவற்றையும் கேட்பதுதான் விவரமான ஆளுக்கு அழகு. கோளாறு நம் கேள்வியில் இருக்கிறது.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள். இப்போது கள ஆய்வுகளை மேற்பார்வை பார்க்கும் வேலை. சமீப காலமாக உசிலம்பட்டி, ஏழுமலை, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாதாந்திரப் பரிசோதனைக்கு எப்படிப்பட்ட இடத்தை விரும்புகிறார்கள் என்று அளக்க வேண்டும். அதற்குக் கையாளும் முறையின் பெயர் கான்ஜாயிண்ட் அனாலிசிஸ். என்னிடம் படித்து, இப்போது எங்களோடு கணக்கெடுக்க வரும் பெண் ஒருத்தி, "டீச்சர், அது சோப்புக் கம்பெனிக்காரர்கள் செய்வது இல்லையா?" என்று கேட்டாள். அவர்களும் செய்கிறார்கள். ஆனால் இதைச் சோப்போடு நிறுத்திவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கப் போகிறவர் நிறத்தைத் தனியாக, கரையைத் தனியாக, விலையைத் தனியாக வாங்குவதில்லை. முழுச் சேலையாகத்தான் எடுக்கிறார். அவர் மடியில் வைத்துக்கொண்டதையும் ஒதுக்கித் தள்ளியதையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால், கரைக்காக எவ்வளவு விலை கூடக் கொடுப்பார், எந்த இடத்தில் விலை அவரைத் தடுக்கிறது என்பதையெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே கணக்குப் போட்டுவிடலாம். மருத்துவமனைக்கும் அதையே செய்கிறோம். ஓர் அட்டையில் இரண்டு மருத்துவமனைகள், பெயர் போடாமல், இடமும் வலமுமாக. இடது பக்கம்: ஒரே பஸ்ஸில் போகலாம், மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர், கைக்காசு செலவில்லை. வலது பக்கம்: இரண்டு பஸ் மாற வேண்டும், அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவார்கள், எப்போதும் அதே மருத்துவர், 300 ரூபாய் ஆகும். இரண்டில் எதற்குப் போவீர்கள்? இந்தக் கேள்விக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து என்று பதில் சொல்ல முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும்.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால் எங்கள் அட்டைகளில் எல்லாம் படங்கள்தான். பஸ் படம், கடிகாரம், ரூபாய் நோட்டு, ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரே முகம் அல்லது வேறு வேறு முகங்கள்.

பஸ், காத்திருப்பு, மருத்துவர், செலவு என்று நான்கு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் (ஒரு பஸ், இரண்டு பஸ், மூன்று பஸ் என்பதுபோல) மூன்று நிலைகள் என்று வைத்தாலே 81 விதமான மருத்துவமனைகள் கிடைக்கும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3,240 ஜோடிகள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரிடம் அத்தனையையும் காட்டினால் கடைசி அட்டைக்கு அவருடைய பேரன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இங்கேதான் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் வருகிறார். 1920-இல் பிறந்து 2023-இல் 102 வயதில் மறைந்த அந்த மனிதர், 1940-களில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தொடங்கிய நாட்களில், செங்குத்து அணிகள் என்று ஓர் ஏற்பாட்டை வகுத்தார். 81-இல் ஒன்பதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆனால் எந்த இரண்டு அம்சங்களை எடுத்தாலும் அவற்றின் ஒவ்வொரு நிலைச் சேர்க்கையும் சரியாக ஒரு முறை வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்பது மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுக்க முடியும். வகுப்பில் இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமிதம் வரும். வெளிநாட்டு நிறுவனங்கள் கார் விற்கவும் கைபேசி விற்கவும் பயன்படுத்தும் கணக்கின் அடியில் நம் நாட்டுக்காரர் கை இருக்கிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த ஒன்பதை வைத்து ஒவ்வொரு அம்சத்தின் தனித்தனி எடையை, அதாவது தேர்வில் அது எவ்வளவு கனக்கிறது என்பதைத்தான் அறியலாம். "அதே டாக்டர் என்றால் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருப்பேன், புது ஆள் என்றால் பத்து நிமிடம்கூட முடியாது" என்று கருமாத்தூரில் ஓர் அம்மா சொன்னார். ஒன்றின் எடை இன்னொன்றைப் பொறுத்து மாறுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அட்டைகளைக் கூட்ட வேண்டும், கூட்டினால் பதில் சொல்பவர் களைத்துப் போவார். நாங்கள் அட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஒரு வீட்டுக்கு ஒரு கட்டு என்று கொடுக்கிறோம்.

முறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோடி ஜோடியாக ஒப்பிடச் சொல்லி மனதை அளக்கலாம் என்று 1927-இல் லூயி தர்ஸ்டன் எழுதினார். 1964-இல் லூஸ், டூக்கி என்ற இருவர் இதற்கான கணித அடிப்படையைப் போட்டார்கள். 1971-இல் பால் கிரீனும் வித்தலா ராவும் அதைச் சந்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். தேர்வுகளிலிருந்து எடைகளைக் கணக்கிடும் சூத்திரத்தை 1974-இல் டேனியல் மெக்ஃபேடன் ஒழுங்குபடுத்தி, 2000-இல் நோபல் பரிசு பெற்றார். மருத்துவத் துறைக்கு இழுத்து வந்தவர்களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்து மாண்டி ரையன் முக்கியமானவர். அட்டையைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைக் கான்ஜாயிண்ட் என்று அழைக்கவே கூடாது, அது வேறு குலம் என்று சண்டை போடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பங்காளிச் சண்டை. நான் அதற்குள் போகவில்லை.

எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது அட்டையில் என்ன வரிகள் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. மென்பொருள் எதைப் போட்டாலும் எடை போட்டுக் கொடுத்துவிடும். நாம் எழுதாத வரிக்கு மட்டும் அதனால் எடை சொல்ல முடியாது. அதனால் அட்டை அச்சடிப்பதற்கு முன்பு சும்மா உட்கார்ந்து பேச வேண்டும். மேலிடத்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்துக்குத்தான் பணமும் நேரமும் குறைத்துக் கொடுப்பார்கள். ஆய்வின் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

செலவையே எடுத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு ஆய்வுகளில் செலவு என்றால் நோயாளி மருத்துவமனையில் கட்டும் தொகை. இங்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். அப்படியானால் செலவு எது? பஸ் கட்டணமா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆகவே ஒரே வீட்டில் கணவருக்குப் பஸ் செலவு உண்டு, மனைவிக்கு இல்லை. ஆனால் அந்த அம்மா காசு கேட்கும் பஸ்கள் இரண்டு மூன்றைப் போகவிட்டு இலவச பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நிற்கிறார். அவருடைய செலவு ரூபாயில் இல்லை, வெயிலில் இருக்கிறது. கூலி போவது இன்னொரு செலவு. நூறு நாள் வேலைக்குக் காலையில் பெயர் கொடுக்காவிட்டால் அன்றைய நாள் போனது போனதுதான்.

காத்திருப்பும் அப்படித்தான். கடிகாரத்தைப் படமாகப் போட்டு மூன்று மணி நேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சர்க்கரைக்காரர்களின் காத்திருப்பில் இரண்டு வகை இருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும்வரை காத்திருப்பது ஒன்று. பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கக் காத்திருப்பது இன்னொன்று. முதலாவதில் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது. இரண்டாவதில் மரத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். கடிகாரத்தில் இரண்டும் ஒன்றுதான். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் பெண்களுக்கு முதல் வகை நடக்கவே நடக்காது. விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இறங்கி, மொட்டு விரிவதற்குள் பறித்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அந்த வேலையைச் செய்துவிட்டு, அதன் பிறகு போய் வரிசையில் நிற்கச் சொல்கிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்ட வரியைச் சொன்னவர் ஏழுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, "நான் போவது பெரிதில்லை தாயி, என்கூட ஒருத்தன் வர வேண்டுமே" என்றார். மகன் லாரியில் கிளீனர். மருமகள் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர். பெரியவருக்குக் கண் மங்கல். பஸ் போர்டு தெரியாது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வீட்டில் இரண்டாவது கூலியும் விழுகிறது. அதன் பிறகு நாங்கள் பேசிய வீடுகளில் எல்லாம் இதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டோம். அப்படித்தான் அட்டையில் ஒரு புது வரி ஏறியது: தனியாகப் போய் வரலாம், அல்லது துணைக்கு ஓர் ஆள் வேண்டும். முதல் சுற்றுக் கணக்கில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வரியின் எடை காத்திருப்பின் எடையைத் தாண்டிவிட்டது. நான் படித்த வழிகாட்டிகளின் மாதிரி அட்டைகள் எதிலும் இந்த வரி இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களுக்கே போய் முகாம் போட்டது. கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, சாப்பாடு போட்டு, அறுவை சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டது. அப்படியிருந்தும், முகாம் நடந்த கிராமங்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்ததாகச் சொன்னது. பணம் வாங்கவில்லை, தூரமும் இல்லை, ஆனாலும் வரவில்லை. பயம், வீட்டுப் பொறுப்பு, இப்போதைக்குச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கொடுப்பவர் பட்டியலில் இல்லாத வரிகள். பிற்பாடு ஊர்களிலேயே நிரந்தரமாகச் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்களை அரவிந்த் திறந்தது. ஒரு நாள் முகாமைத் தவறவிட்டவர் தனக்குத் தோதான நாளில் போகலாம்.

இனி எண்களுக்கு வருகிறேன். கணக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. காத்திருப்பு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரமாக நீண்டால் ஒரு மருத்துவமனையின் மதிப்பு 1.5 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு பூஜ்யத்திலிருந்து 300 ரூபாயாக ஏறினால் 1.2 குறைகிறது. 100 ரூபாய்க்கு 0.4 என்று ஆகிறது. ஆகவே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு 375 ரூபாய்க்குச் சமம், மணிக்கு 150 ரூபாய். இரண்டு மருத்துவமனைகளின் மொத்த மதிப்பும் சமமாக இருந்தால் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. ஒன்றுக்கு மதிப்பு 1 கூடுதலாக இருந்தால் 73 சதவீதம் பேர் அதை எடுப்பார்கள். 2 கூடுதலாக இருந்தால் 88 சதவீதம். மெக்ஃபேடனின் சூத்திரம் இவ்வளவுதான் சொல்கிறது.

இப்போது விஷமத்தைப் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் காத்திருப்பின் முக்கியத்துவம் எத்தனை சதவீதம்? 1.5-ஐ மொத்த இறக்கமான 2.7-ஆல் (1.5 + 1.2) வகுத்தால் சுமார் 56. காத்திருப்புதான் பெரியது என்று தலைப்புப் போடலாம். அதே மக்கள், அதே மனம். அட்டையில் செலவை 300-க்குப் பதிலாக 600 ரூபாய்வரை நீட்டியிருந்தால் செலவின் இறக்கம் 2.4 ஆகும். 1.5-ஐ 3.9-ஆல் வகுத்தால் 38. இப்போது செலவுதான் பெரியது. ஊரில் ஒருவர் மனமும் மாறவில்லை, அச்சகத்தில் ஓர் எண் மாறியது. "நோயாளிகளுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்" என்று சதவீதத்தோடு ஒரு செய்தியைப் பார்த்தால், எந்த எல்லைக்கும் எந்த எல்லைக்கும் நடுவில் அளந்தார்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை.

களத்தில் இன்னொரு தொல்லை. பதில் சொல்பவர் அட்டையைப் புரிந்துகொண்டாரா என்று சோதிக்க, நடுவில் ஓர் ஏமாற்று அட்டை வைப்பார்கள். ஒரு மருத்துவமனை எல்லா விதத்திலும் மேல், மற்றது எல்லா விதத்திலும் கீழ். கீழானதை எடுத்தவர் புரியாமல் பதில் சொல்கிறார், அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று பலர் செய்கிறார்கள். பேரையூர் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் கொஞ்சமும் தயங்காமல் கீழானதைத் தொட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "காசும் வாங்க மாட்டார்கள், கூட்டமும் இருக்காது என்றால் அங்கே யாரும் போவதில்லை என்றுதானே அர்த்தம்? யாரும் போகாத டாக்டரிடம் நான் எதற்குப் போக வேண்டும்?" என்றார். அட்டையில் நாங்கள் எழுதாத ஒரு வரியை, மருத்துவரின் கைராசியை, கூட்டத்தை வைத்து அவரே நிரப்பிக்கொண்டார். வியாபாரி புத்தி. இவரைப் புரியாதவர் என்று நீக்கினால் நீக்குகிறவருக்குத்தான் புரியவில்லை என்று பொருள். இப்படி நீக்குவது மக்களின் விருப்பத்தைக் கண்டறிவதா, நம் விருப்பத்தைத் திணிப்பதா என்று 2006-லேயே லான்சர், லூவியர் என்ற ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

பெயர் போடாமல் அட்டை தயாரிப்பதற்கும் காரணம் உண்டு. "பெரியாஸ்பத்திரி" என்று ஒரு சொல் போட்டுவிட்டால் கீழே உள்ள எந்தப் படத்தையும் யாரும் பார்ப்பதில்லை. மதுரை கோரிப்பாளையத்தில் இருக்கும் அந்த அரசு மருத்துவமனைக் கட்டடத்தைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பிழைத்து வந்த கதை அல்லது வராத கதை. அந்தக் கதைதான் பதில் சொல்லும், கடிகாரப் படம் சொல்லாது. அதனால் இடது ஆஸ்பத்திரி, வலது ஆஸ்பத்திரி. அப்படியும் ஒரு பாட்டி, "இது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லு, அப்புறம் சொல்கிறேன்" என்று கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. நியாயமான நிலைப்பாடு.

இரண்டும் வேண்டாம் என்று சொல்லவும் இடம் வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. "மாத்திரைதான் வாசலுக்கு வருகிறதே, நான் எதற்கு இந்த இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டும்?" என்று கேட்டால் அவரைக் கட்டாயப்படுத்தி ஒன்றைத் தொட வைப்பதில் பொருளில்லை. "இப்போது இருப்பதே போதும்" என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடுபவர்களைப் பார்த்துக் கணக்கெடுப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள், தரவு வீணாகிறது என்பார்கள். எனக்கு அந்தக் கட்டம்தான் பிடித்தது. அந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் ஒரு நாளைத் தொலைக்கத் தகுதியில்லை என்பதும் ஓர் அளவுதான்.

யார் பதில் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மாமியாரிடம் அட்டையை நீட்டினால் அடுப்படியிலிருந்து மருமகள் குரல் வரும்: "அத்தைக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர், நான் சொல்கிறேன்." மாமியார் சிரித்துக்கொண்டே அட்டையை மருமகள் பக்கம் தள்ளிவிடுவார். விதிமுறைப்படி இந்த நேர்காணல் செல்லாது. ஆனால் அந்த மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவது மருமகள்தான், எந்த ஆஸ்பத்திரி என்று முடிவெடுப்பதும் அவர்தான். நாங்கள் இருவருக்கும் தனித்தனிக் கட்டு கொடுத்துப் பார்க்கத் தொடங்கினோம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வயதானவர்கள் பாதியில் களைத்து, கைக்கு வந்ததைத் தொடுகிறார்கள். பதில் தடுமாறினால் எல்லா எடைகளும் ஒட்டுமொத்தமாகச் சுருங்கித் தெரியும். மருமகளின் எண்களையும் மாமியாரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரியவருக்கு எதிலும் அக்கறை குறைவு என்று எழுதினால் அது அநியாயம். இருவரின் எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஒவ்வொருவருக்குள்ளும் இதற்கு அது எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த விகிதங்களைத்தான் ஒப்பிடலாம்.

இத்தனை பாடுபட்டு அளந்த எண்ணை யாராவது மதிப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2015 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பசியைக் கட்டுப்படுத்த உடலுக்குள் பொருத்தும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. அந்தக் கருவி தன் பரிசோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களிடம் இதே போன்ற தேர்வு அட்டைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்றும் நிர்வாகத்தின் கையில் இருந்தது. இவ்வளவு எடை குறையும் என்றால் இவ்வளவு அபாயத்தை ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லும் ஒரு பிரிவினர் உண்டு என்பதை அது காட்டியது. முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவு சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. நோயாளியின் சம்மதத்தைக் காட்டிச் சுமாரான கருவியைச் சந்தைக்கு விடுவதற்கு இது ஒரு வழியாகிவிடக் கூடாது. ஆனாலும் அபாயத்தைச் சுமக்கப் போகிறவரிடம் எவ்வளவு சுமப்பாய் என்று கேட்டார்கள்.

எங்கள் ஆய்வு நடப்பதைக் கேள்விப்பட்டு நகரத்திலிருந்து ஒரு தனியார் மருத்துவமனை நிர்வாகி பேசினார். ஒரு மணி நேரக் காத்திருப்பைத் தவிர்க்க மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்ற எண் மட்டும் அவருக்குப் போதும், சீக்கிர டோக்கனுக்குத் தனிக் கட்டணம் வைக்கலாம் என்று யோசிக்கிறார்களாம். கொடுக்கவில்லை. கோபத்தால் அல்ல, அந்த எண்ணே நொண்டி என்பதால். 100 ரூபாய் என்பது ஓய்வூதியக்காரருக்கு ஒன்று, வரப்பு வெட்டுபவருக்கு வேறொன்று. கூலிக்காரர் காத்திருப்பைத் தவிர்க்கக் குறைவாகக் கொடுப்பதாகச் சொன்னால் அவருக்குக் காத்திருப்பதில் கஷ்டம் குறைவு என்று ரூபாய்க் கணக்கு சொல்லும். அவரிடம் பணம்தான் குறைவு. அதனால் எங்கள் அறிக்கையில் ரூபாயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் நேரமாக மாற்றி எழுதியிருக்கிறோம். துணையாள் வேண்டாம் என்றால் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள், அதே மருத்துவர் என்றால் எத்தனை மணி நேரம், ஒரு பஸ் குறைந்தால் எத்தனை மணி நேரம். நாளுக்கு 24 மணி நேரம் என்பது ஓய்வூதியக்காரருக்கும் வரப்பு வெட்டுபவருக்கும் ஒன்றுதான். கூலி நாள் வேறு, ஓய்வு நாள் வேறு என்று இதிலும் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ரூபாயைவிட இது பரவாயில்லை.

ஒரு சுகாதார நிலையத்து மருத்துவர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதை மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் பூ எடுக்கும் பெண்கள் வருவார்களா, அல்லது அந்த நேரத்தில் தூங்கத்தான் விரும்புவார்களா? அட்டையில் அந்த வரி இல்லை, இனி சேர்க்கிறோம். இப்போதைக்கு எங்கள் தலைவலி ஓவியருக்கும் எங்களுக்கும் நடுவில்தான். வெறும் வயிறு என்பதை எப்படிப் படமாகப் போடுவது? சோற்றுத் தட்டின் மேல் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். காட்டிய இடத்தில் எல்லாம், "ஓ, அங்கே சாப்பாடு கிடைக்காதா?" என்று கேட்கிறார்கள்.